ஞானப்பூ சுக்கான் பிடித்த நாட்கள்

நான் இதை நேரில் பார்க்கவில்லை. விடுதியில் என் அறையில் இருந்த ரெமிஜியா சொன்னாள். அவளும் நேரில் பார்க்கவில்லை, அவளுடைய சித்தி அமலி சொல்லக் கேட்டவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அச்சில் வந்துவிட்டால் அது உண்மைதான் என்று நம்புகிறவர்கள் என் வீட்டார், அதனால் ஒரு வரி எழுதுவதற்குள் எனக்கு நாலு தடவை பயம் வந்து போகும். அமலி சொன்னதாக ரெமிஜியா சொன்னதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தைப் பிறகு நானே போய்ச் சரிபார்த்தேன். அது கடைசியில் வரும்.

தொண்டிக்குத் தெற்கே கடலோரமாகப் புன்னைத்துறை என்று ஓர் ஊர். அங்கே பொழுது சாய்கிற நேரத்தில் பெண்கள் கரைக்கு வந்து நின்று, கடலில் இருக்கும் தங்கள் ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் ஒருநாளும் புருஷன் பெயரை உச்சரிக்காத பெண்கள்கூட அந்த ஒரு நேரத்தில் மட்டும் கைகளை வாயருகே குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, பெயரைத் தண்ணீருக்கு மேலே எறிவார்கள். அதற்குக் குரல் கொடுப்பது என்று பெயர். கரையேறும் ஆண்களும் வலையை உதறுவதற்கு முன்னால், மீனைப் பிரிப்பதற்கு முன்னால், தங்கள் பெண்களைப் பார்த்து "கேட்டுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அப்படிச் சொல்லாமல் ஒருவன் வீட்டுக்குள் நுழைந்தால் அன்று அவனுக்குச் சோறு கிடையாது.

அந்த ஊருக்கென்று கரைப்பாட்டு ஒன்றும் உண்டு. நாலே அடி. மூன்று அடியைத் தண்ணீரில் பாடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பித் திருப்பிப் பாடலாம். நாலாவது அடி மண்ணுக்கு. படகின் அடிக்கட்டை மணலில் உரசும்போது மட்டும்தான் அதைப் பாட வேண்டும். தண்ணீரில் நாலாவது அடியைப் பாடினவனும் இல்லை, மண்ணில் முட்டிய பிறகு அதைப் பாடாமல் இறங்கினவனும் இல்லை.

கஸ்பார் நாற்பது வருஷம் அந்தக் கடலில் மீன் பிடித்தவர். மூட்டு வலி வந்து தொழிலை விட்டதும், பிள்ளைகள் ஒருவன் கப்பலுக்கும் ஒருத்தி திருப்பூருக்கும் போய்விட்ட வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல், ராமநாதபுரம் சந்தையில் பார்த்த புல்புல்தாரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். மடியில் வைத்து, இடது கையால் தட்டச்சு இயந்திரம் மாதிரிப் பொத்தான்களை அழுத்தி, வலது கையால் கம்பிகளை மீட்டுகிற வாத்தியம். வலை இழுத்துக் காய்த்த விரல்களுக்கு அது முதலில் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. கோயில் ஆண்டு விழாவில் அவர் வாசிக்க, அவர் மனைவி ஞானப்பூ பாட, மேடைக்குக் கீழிருந்து இளவட்டங்கள் ஊளையிட, ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது. ஞானப்பூ அந்த வாளியில் தண்ணீர் பிடிக்காமல் அலமாரி மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இஞ்சேருங்க," என்று ஒருநாள் அவர் கேட்டார். "கரையில நின்னு கடலைப் பார்த்தே எனக்கு வயசாயிருச்சு. ஒரு தடவை அங்க நின்னு கரையைப் பார்க்கணும்."

புன்னைத்துறையில் பெண்கள் படகில் ஏறும் வழக்கம் இல்லை. கஸ்பாரின் பழைய பாய்வத்தை, அந்தச் சின்னப் பாய்மரப் படகு, எஞ்சின் படகுகள் வந்த பிறகு யாரும் தொடாமல், கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதைச் செப்பனிட்டு, புதுப் பாய் தைத்து, மாலை நேரம் பார்த்து இருவரும் இறங்கினார்கள். கரையில் வலை சீர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கஸ்பார் மாமா, வலையில்லாம போறீங்களே, மீனைப் பாட்டுப் பாடியா கூப்பிடப் போறீங்க?"

"அத்தை பாடுனா இருக்கிற மீனும் இலங்கைக்குப் போயிரும்டா."

"போகட்டும்டா," என்றார் ஞானப்பூ. "அதுங்களாவது நல்லது கெட்டது பார்த்துட்டு வரட்டும்."

பாயில் காற்று ஏறி, ஊர் சிறுத்துக்கொண்டே போனபோது, ஞானப்பூ தன் இடது கையை நீட்டி உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தார். கோயில் கோபுரம், ஐஸ் பிளாண்ட், பள்ளிக்கூடம், வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் இறங்கும் சூரியன், எல்லாம் அந்தக் கைக்குப் பின்னால் போய்விட்டன.

"இவ்வளவுதானா இது?" என்றார். "இதுக்கா நான் இவ்வளவு பயந்தேன்?" கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இஞ்சேருங்க, நாங்க குரல் கொடுக்கிறது இங்க கேக்குமா?"

"கேக்கும்," என்றார் கஸ்பார்.

"இப்ப ஒண்ணும் கேக்கலையே."

"இப்ப யாரும் கூப்பிடலையே."

ஞானப்பூ சிரித்தார். அன்றிலிருந்து மழையில்லாத மாலைகளில் எல்லாம் அவர்கள் போனார்கள். சுக்கானைப் பிடிக்க ஞானப்பூ ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். கணவர் பாய்மரத்தடியில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்து வாசிப்பார், அவர் பாடுவார், அடிக்கும் கடற்காற்று பாட்டைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும். கேலி செய்தவர்களே பிறகு கொஞ்சம் அதற்காகக் காத்திருக்கவும் தொடங்கினார்கள். அது நண்டுக் காலம் தொடங்குவதற்கு முந்தைய நல்ல காற்றுக் காலம்.

அப்படி ஒரு மாலையில், மூன்றாவது அடி முடிந்து மறுபடி முதலடிக்குப் போவதற்கு முன்னால், கஸ்பார் மூக்கைத் துடைக்க வாத்தியத்தை நிறுத்தி, "புள்ள, கொஞ்சம் தெக்கால திருப்பு," என்றார். ஞானப்பூ திருப்பவில்லை. அவருடைய தலை மார்பில் கிடந்தது. சுக்கான் தன்போக்கில் ஆடியது, பாய் படபடத்தது. கடலில் எத்தனையோ சாவைப் பார்த்தவர் கஸ்பார், எழுந்து தொட்டுப் பார்க்கத் தேவையில்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் அவர் கைகள் தமக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தன. வாசித்தன. முதலடி தொடங்கியதும் ஞானப்பூவின் தலை நிமிர்ந்தது, விரல்கள் சுக்கானை இறுக்கின, இடது கை முழங்காலில் தாளம் போட்டது, வத்தை தெற்கே திரும்பியது.

கஸ்பார் நிறுத்திப் பார்த்தார். தலை விழுந்தது. வாசித்தார். நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை.

கரைக்கும் வரவில்லை. மணலில் அடிக்கட்டை உரசினால் நாலாவது அடியைப் பாட வேண்டும், பாடினால் பாட்டு முடிந்துவிடும், பாட்டு முடிந்தால் ஞானப்பூவும் முடிந்துவிடுவார். மண்ணில் சுக்கானுக்கு வேலை ஏது?

மறுநாள் காலையில் தேடிப்போன படகுக்காரர்கள் திரும்பிவந்து கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஊருக்கு வந்த கவலை வேறு. ஊரில் ஒரு சாவு விழுந்தால், அந்த உடல் மண்ணுக்குள் போகும்வரை ஒருவரும் தொழிலுக்குக் கடலில் இறங்கக் கூடாது, கரையோரத்தில்கூட எதையும் பிடிக்கக் கூடாது என்பது புன்னைத்துறைச் சட்டம். ஊர்த்தலைவர் வியாகுலம் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்.

"சாகலைன்னா நாம தொழிலுக்குப் போலாம். செத்துட்டா அடக்கம் பண்ணிட்டுப் போலாம். இது ரெண்டும் இல்லாம நடுவுல கிடந்தா நான் என்னத்தைச் சொல்ல? சாமி, நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

பங்குச்சாமியைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் எண்ணெயும் சிலுவையுமாகப் போய் ஞானப்பூவின் நெற்றியைத் தொட்டார், நாடி பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்த வெளியூர்ப் படகுக்கு ஞானப்பூ ஒதுங்கி வழிவிட்டார். சாமியாருக்கு வாந்தி வந்தது, அது கடல் பழக்கமில்லாததால். கரைக்கு வந்து, "இறந்துதான் போயிருக்காங்க. ஆனா இன்னும் முடியல," என்றார். "சுக்கான் பிடிக்கிறவங்களுக்கு எப்படிப்பா நான் அடக்கப் பூசை வைக்கிறது?"

ஆகவே ஊர் காத்திருந்தது. காத்திருக்கும்போதே கஸ்பாரைக் காப்பாற்ற வேண்டிய வேலையும் ஊரின் தலையில் விழுந்தது, ஏனென்றால் சாப்பிடவோ தூங்கவோ அவருக்கு மூன்றாவது ஒரு கை இல்லை. தொழிலுக்குப் போகக் கூடாதென்றுதான் சட்டம், சோறு கொண்டுபோகக் கூடாதென்று சட்டம் இல்லை என்று வியாகுலம் கண்டுபிடித்தார். முதலில் சோற்றுச் சட்டியோடு போனவள் அமலி. கோயில் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவள். அவள் வத்தைக்குள் ஏறியபோது கஸ்பாரின் விரல் நுனிகள் வெடித்து, பொத்தான்களெல்லாம் சிவந்திருந்தன.

"தள்ளுங்க மாமா."

"உனக்கு வராதும்மா. நின்னுரும்."

"வரும். நகருங்க. உங்க கைக்கு மேல என் கையை வைக்கிறேன். நான் சொன்னதும் உருவிக்கோங்க."

அப்படித்தான், ஒரு ஸ்வரம்கூட விழாமல், வாத்தியம் கை மாறியது. அந்த மாலைக்குப் பிறகு முதன்முறையாகக் கஸ்பாருக்கு இரண்டு கைகளும் காலியாக இருந்தன. அவர் தவழ்ந்துபோய் மனைவியின் கையைப் பிடித்தார். அது குளிர்ந்திருந்தது, வேலையாகவும் இருந்தது. அலை ஒன்று வர, அந்தக் கை அவர் கையை உதறிவிட்டுச் சுக்கானைத் திருப்பியது. "புள்ள, என்னைப் பாரேன்," என்றார். ஞானப்பூ கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவரைப் பார்க்கவே இல்லை, அந்த நாட்கள் முழுக்க ஒருமுறைகூட. அமலி இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாளாம்.

அமலிக்குப் பிறகு மற்றப் பெண்கள் போனார்கள். வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம், தெரிந்துகொண்டவர்கள் கொஞ்சம், சோறு கொண்டுபோனவர்கள் கொஞ்சம், எதுவும் கொண்டுபோகாமல் சும்மா போனவர்கள் நிறைய. முறை வைத்துப் போனார்கள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, புருஷனிடம் "பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடலுக்குள் போனதும் ஒவ்வொருத்தியும் ஞானப்பூ சொன்னதைக் கேள்விப்பட்டவளாகக் கையை நீட்டி ஊரை மறைத்துப் பார்த்தாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி வெகுநேரம் கையை இறக்கவே இல்லை. கரையில் ஆண்கள் நெற்றிக்குமேல் கை வைத்துக் கடலைப் பார்த்தபடி நின்றார்கள், பால் பொங்கியது, பிள்ளைகள் அழுதன. "எப்படா வருவாளுங்க?" என்று ஒருவன் கேட்க, "உன்னைப் பத்தித்தான்டா அவ தினமும் இப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தா," என்று இன்னொருவன் சொல்ல, அங்கே கைகலப்பு ஆகிவிட்டது.

வாத்தியக் கம்பிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒவ்வொன்றாக அறுந்தன. ராமநாதபுரத்துக்கு ஆளனுப்பி வாங்கிய கம்பிகளும் தீர்ந்ததும், ஆண்கள் வலைகளிலிருந்து நைலான் நரம்பை உருவிக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த சத்தம் தொண்டை கட்டியவர் பாடுவது போல இருந்தது. ஆனாலும் ஞானப்பூவுக்கு அது போதுமாக இருந்தது. வெயிலில் அவர் முகத்தின் ஒரு பக்கம் கறுத்துப்போயிருந்தது.

பிறகு நண்டு வந்தது. அந்த வருஷம் வந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் வரவில்லை என்கிறார்கள். கடற்பாசியைப் பிளந்துகொண்டு, முழங்கால் தண்ணீர்வரை, நீலக் கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு, பிடிக்க ஆளில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஊர் ரேஷன் அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தது. பிறகு கஞ்சியும் ஒரு வேளையானது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். வாசித்துவிட்டுத் திரும்பிய பெண் ஒருத்தி கரையேறியதும் பசியில் மயங்கி விழுந்தாள்.

வியாகுலம் தானே படகெடுத்துக்கொண்டு வத்தையருகே போனார். அவர் சிறுவயதில் கஸ்பாரோடு ஒரே நாளில் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கியவர்.

"கஸ்பாரு, போதும்யா. கொண்டாந்துரு."

"உன் பொண்டாட்டியா இருந்தா கொண்டாருவியா?"

வியாகுலம் துடுப்பை எடுத்து மடியில் வைத்தார். "மாட்டேன்," என்றார். "ஆனா நீ வந்து என்னை இப்படித்தான் கேப்ப." திரும்பிப் போகும்போது, "நாளைக்குப் பயலுக வந்து அந்தப் பெட்டியைப் பிடுங்குவானுக. நான் தடுத்தாலும் நிக்கமாட்டானுக. சொல்லிட்டேன்," என்றார்.

கஸ்பார் அன்று முழுவதும் எதையும் தின்னவில்லை. பிடுங்கினால் பாட்டு நடுவில் அறுந்து போகும். பாதிப் பாட்டோடு ஞானப்பூ எங்கே போய் நிற்பார் என்பது அவருக்குத் தெரியவில்லை, சாமியாருக்கும் தெரியவில்லை. முடித்தால் அவரே முடிக்க வேண்டும். முடிக்கவும் அவரால் ஆகவில்லை. வாசித்துக்கொண்டிருந்த அமலியிடம், "இன்னொரு சுத்து. இன்னும் ஒரே ஒரு சுத்து," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு கம்பியும் ஒரு நரம்பும்தான் மிச்சம்.

அன்று பொழுது சாயும்போது ஊர்ப் பெண்கள் எல்லோரும் கரைக்கு வந்தார்கள். ஆண்கள் கரையிலேயே இருந்ததால் அத்தனை நாளும் குரலே கொடுக்கப்படவில்லை. இப்போது அவர்கள் கைகளைக் குவித்து, அந்த ஊரில் கடலைப் பார்த்து யாரும் கூப்பிட்டிராத ஒரு பெயரை, ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். "ஞானப்பூ... ஏ ஞானப்பூ..." கிழவிகள் கூப்பிட்டார்கள், கைக்குழந்தைக்காரிகள் கூப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். பிறகு ஆண்களும், முதலில் வெட்கப்பட்டு, பிறகு வெட்கம் விட்டு, கூப்பிட்டார்கள்.

வத்தையில் கஸ்பார் தலையை நிமிர்த்தினார். கரைப்பக்கமாகக் காதைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியின் அருகே போய், கையைத் தொடாமல், காதருகே குனிந்து, "புள்ள, கூப்பிடுறாங்க," என்றார். "வீட்டுக்குக் கூப்பிடுறாங்க."

அவர் எழுந்து பாய்க்கயிற்றை அவிழ்த்துப் பாயைத் திருப்பிக் கட்டினார். ஞானப்பூ சுக்கானைத் திருப்பினார். கரை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஞானப்பூ தாளம் போட்டுக்கொண்டிருந்த இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கோயில் கோபுரம் முதலில் விரல்களுக்கு மேலே வந்தது, பிறகு பக்கங்களில் வீடுகள் வந்தன, பிறகு மனிதர்கள் வந்தார்கள், உள்ளங்கைக்குள் ஊர் அடங்காமல் வழிந்தபோது அவர் கையை இறக்கிக்கொண்டார்.

அடிக்கட்டை மணலில் உரசியது. அமலி விரல்களை எடுக்கவில்லை. கரையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் நாலாவது அடி தெரியும், அது யாருடையது என்பதும் தெரியும். கஸ்பார் மனைவியின் கைமேல் கையை வைத்து அந்த அடியைப் பாடினார். அவருக்குக் குரலே கிடையாது, ஆண்டு விழாவில்கூட வாசிக்க மட்டும்தான் செய்தவர். பாடி முடித்ததும் அந்தக் கை சுக்கானை விட்டது. விட்டு, ஒரு கணம், அவர் கையைப் பிடித்ததாக அமலி சொல்கிறாள். பின்னால் நின்ற வியாகுலம் அப்படி எதையும் பார்க்கவில்லை என்கிறார்.

தண்ணீரில் இறங்கி நின்ற பெண்களைப் பார்த்து கஸ்பார், "கேட்டுச்சு," என்றார். "ஒவ்வொருத்தர் குரலும் தனித்தனியா கேட்டுச்சு."

மறுநாள் காலையில் அடக்கம் நடந்தது. குழி மூடி முடிப்பதற்குள் ஆண்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள். நண்டு போய்விட்டிருந்தது.

போன மாசி மாதம் ரெமிஜியாவோடு நான் புன்னைத்துறைக்குப் போனேன். வத்தை இப்போது அமலியிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் அதில் வலையில்லாமல் போய்விட்டு வருகிறார்கள். புல்புல்தாராவை யாரும் எடுப்பதில்லை. அது கஸ்பாரின் வீட்டு அலமாரியில், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் மெலிந்துபோயிருந்தார். வத்தை கடலில் இருக்கும் மாலைகளில் எல்லாம் அவர் கரைக்கு வந்து நின்று ஞானப்பூவின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்கிறார். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டைத் தலைக்குமேல் தூக்கி இறக்குவார்.

அன்று வத்தை நின்ற அந்த இடத்துக்கே என்னைக் கூட்டிப்போகும்படி அமலியைக் கேட்டேன். அவள் கையை நீட்டி, ஊர் உள்ளங்கைக்குப் பின்னால் மறையும்வரை போய், பாயை இறக்கினாள். "அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா அக்கா?" என்றேன். "நான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பாயை மறுபடி ஏற்றும்போது, "கரைக்குப் போனதும் மாமா கேப்பாரு. கேட்டுச்சுன்னு சொல்லிரு," என்றாள்.

கரைக்கு வந்ததும் அவர் கேட்டார். "கேட்டுச்சு மாமா," என்றாள் அமலி. அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன்.

எழுத்தில் வருவதால் இதை இங்கே சரியாகச் சொல்லிவிடுகிறேன். கடற்காற்று கரையை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. பாய் இறக்கியிருந்தது, நாங்கள் பேசவில்லை, தண்ணீர்கூடச் சத்தம் போடவில்லை. கரையில் சிவப்புத் துண்டு ஏறி இறங்கியது, மறுபடி ஏறி இறங்கியது, மறுபடியும். ஒன்றும் கேட்கவில்லை.